மாட்டுக்குச் சொன்ன ஜெபம்

நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு வராது. பஸ்ஸில் நான் இறங்குகிற இடம் வந்தாலும் "நிப்பாட்டுங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய் இறங்கி, திரும்பி நடந்து வந்தவள் நான். எழுதுவதில் அந்தத் தொல்லை இல்லை. காகிதம் நம் முகத்தைப் பார்க்காது.

இலங்கையில் லுணுகலைக்கு மேலே நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் என்னைப் பற்றி ஒரு பெருமை இன்னும் உலாவுகிறது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஜெபம் சொல்ல மாட்டேன் என்று எதிர்த்து நின்று நம் சாமியைக் காப்பாற்றினவளாம் நான். அதைச் சொன்னவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி உண்மையைச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரு தகரக் கொட்டகை. வார நாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை அதுவே கோயில். வாத்தியார் திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர். அவர்தான் பாடம், அவர்தான் பிரசங்கம், மணி அடிப்பதும் அவர்தான். வாசலில் ஒரு ஈரத் துணி வைத்திருப்பார். உள்ளே போகுமுன் நெற்றித் திருநீற்றைத் துடைத்துக்கொண்டு போக வேண்டும். முப்பது நெற்றிக்கும் ஒரே துணி. அதைப் பிழிந்து காயவைத்தால் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு மாதத்துக்குக் காணும். முதலில் போகிறவள் நெற்றி சுத்தமாகும். கடைசியில் போகிறவனுக்கு முப்பது பேர் திருநீறும் நெற்றி பூராவும் அப்பிக்கொள்ளும்.

துடைத்தபின் ஜெபம். அது முடிந்ததும் சுவரில் தாடியோடு தொங்கும் வெள்ளைக்கார ராசாவுக்கு ஒரு பாட்டு. அப்புறம்தான் வாய்ப்பாடு. ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொல்வார் வாத்தியார். யார் மூடவில்லை என்று பார்க்க அவர் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பார். அவருடைய பாதி ஜெபம் எந்தக் கணக்கில் சேர்ந்ததோ.

எனக்குப் பள்ளிக்கூடம் பிடித்த காரணம் சிலேட்டு. சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளையை யாரும் பேசச் சொல்லமாட்டார்கள். வீட்டிலோ, என் வயதுப் பெண்கள் பாதிப்பேர் கொழுந்துக் கூடையைத் தூக்கிவிட்டார்கள். "பள்ளிக்கூடத்துல பேர் இருக்கிற வரைக்கும் போகட்டும். பேர வெட்டிட்டா மறுநாள் மலைக்குத்தான்" என்று அப்பா முன்னமே சொல்லியிருந்தார்.

அப்போதுதான் பதுளையிலிருந்து பரிசோதனைக்கு ஒரு துரை வரப்போவதாகச் செய்தி வந்தது. வாத்தியாருக்குக் கை கால் ஓடவில்லை. கூட்டமாய்ச் சொல்லும்போது பாதிப்பேர் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். அதனால் இனிமேல் ஒவ்வொருவராக எழுந்து நின்று ஜெபம் சொல்ல வேண்டும் என்றார்.

என் முறை வந்தது. எழுந்தேன். எனக்கு அந்த ஜெபம் தலைகீழாகத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் மாட்டுக் கொட்டிலில் சாணி அள்ளும்போது தினம் மாட்டுக்குச் சொல்லிக் காட்டுவேன். பதுளைச் சீமையிலேயே அதிகம் ஜெபம் கேட்ட மாடு அதுவாகத்தான் இருக்கும். ஆனால் முப்பது ஜோடிக் கண்கள் என் மேல் விழுந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"சொல்லு பிள்ள."

நின்றேன்.

"தெரியாதா?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

"தெரிஞ்சுகிட்டே சொல்ல மாட்டியா? யார் சொல்லிக் குடுத்தா இந்தத் திமிரு? கோயில் பூசாரியா? சனிக்கிழமைக்குள்ள வந்து சொல்லு. இல்லேன்னா பேர வெட்டிருவேன். அதுவரைக்கும் வாசல் மிதிக்காத."

நான் லயத்து வீட்டுக்குப் போய்ச் சேருமுன் செய்தி போய்விட்டது. சாயந்தரம் பெரிய கங்காணி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் தலைப்பாகைக்கு எங்கள் நிலைப்படி உயரம் காணாது. அதனால் அதுவரை வந்ததே இல்லை. அன்றைக்குக் குனிந்து வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பின்னால் பூசாரி திருநீற்றுத் தட்டோடு.

"பொட்டப் புள்ளைன்னாலும் சிங்கம்டா ஒன் மக! நம்ம சாமிய விட்டுக் குடுக்கலையே!" என்று அப்பாவைக் கட்டிக்கொண்டார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற அப்பாவுக்குக் கங்காணி கையால் வெற்றிலை. பூசாரி என் நெற்றியில் அள்ளிப் பூசினார். கண்ணெல்லாம் எரிந்தது. வீடு நிறைய ஆட்கள் நின்று என்னையே பார்த்தார்கள். "அப்படியில்லைங்க" என்று சொல்ல வேண்டும்தான். எப்படிச் சொல்வது?

அவர்கள் போனபின் அம்மா சொன்னாள், "சிங்கமாம். மாட்டத் தவிர யாருகிட்ட இவ வாயத் தொறந்திருக்கா?"

அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "கங்காணி மகன் பதுளையில பாதிரிமார் பள்ளிக்கூடத்துல காலையும் மாலையும் முழங்கால் போடுறான். அங்க அழிஞ்சு போகாத சாமி என் மகள வச்சுத்தான் பொழைக்கணுமாக்கும்" என்றார். ஆனால் வாழைப்பழத்தை மட்டும் திருப்பி அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் வாசலில் தோட்டத்துத் துரை விசாரித்தார். ஒரு பக்கம் வாத்தியார் வேதப் புத்தகத்தோடு, மறு பக்கம் கங்காணியும் பூசாரியும். துரையின் நாய் பூசாரி வேட்டியை மோந்து மோந்து பார்த்தது. பூசாரி அம்மனை விட்டுவிட்டு நாயையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல ஜெபம் வேணாம்பாங்க. பொறகு படிப்பே வேணாம்பாங்க தொர" என்றார் வாத்தியார்.

"படிப்பு வேணுங்க தொர. ஒங்க சாமிதான் வேணாம்" என்றார் கங்காணி. சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டார். துரையின் சாமியும் அதுதானே.

துரைக்குச் சாப்பாட்டு நேரம். "சட்டம் இருக்கு. தகப்பன் ஜெபம் வேணாம் எழுதிக் குடு. பிள்ளை வெளிய நில்லு. ஜெபம் முடிஞ்சு உள்ள வா. பேர் வெட்ட வேணாம்" என்றார். எழுந்து போனவர் திரும்பி, "ஆனா ராசா பாட்டு எல்லாரும் பாடணும். அதுக்குச் சட்டம் இல்ல" என்றார்.

"அது தாராளமாப் பாடுவா தொர!" என்றார் கங்காணி. சாமியை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், ராசாவை முடியாது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் ராசாவுக்கும் வாயைத்தான் அசைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கடுதாசி. அப்பாவுக்கு எழுதத் தெரியாது. கணக்கப்பிள்ளையும் வேதக்காரர், எழுத மாட்டேன் என்றுவிட்டார். "வீட்டுலயே எழுத்துக்காரி இருக்கா" என்று அப்பா என்னை உட்கார வைத்தார். "என் மகளுக்கு ஜெபம் வேண்டாம்" என்று நானே எழுத, அப்பா பெருவிரலை வைத்தார். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாத்தியார் பிரித்து வாசித்தார். "எழுத்து நல்லா வந்திருக்கு. நான் சொல்லிக் குடுத்ததுதான்" என்று சொல்லி மடித்துப் பைக்குள் வைத்தார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை உள்ளே எல்லாரும் ஜெபத்துக்கு நின்றார்கள். நான் பின்பக்கம் கொய்யா மரத்தடியில் நின்றேன். எதிரே கொட்டிலில் எங்கள் மாடு. என்னைக் கண்டதும் தலையை நீட்டியது. உள்ளே வழக்கம்போல நடுவில் வந்ததும் அத்தனை பேரும் தடுமாறி நின்றார்கள். எப்போதும் அந்த இடத்தில்தான் நிற்பார்கள். மாடு என்னையே பார்த்தது. பழக்கம்தான், விட்ட இடத்திலிருந்து உரக்கச் சொல்லிவிட்டேன். உள்ளே எல்லாரும் என் பின்னால் சொன்னார்கள். ஆமென் வரை போய்விட்டோம்.

திரும்பிப் பார்த்தால் ஜன்னலில் வாத்தியார். அவர் என்னைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் அவருக்கு மீசை துடித்தது.

"கங்காணி காதுல விழுந்தா, அவருக்குப் பயந்து ஒன் அப்பனே ஒன் பேர எடுத்துருவான். பாத்துக்க" என்றார் மெதுவாக.

மறுநாள் அந்த ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. பிள்ளைகளை எல்லாம் எதிர்ச் சுவரைப் பார்த்து நிற்க வைத்திருந்தார். பரிசோதனைக்கு வந்த துரை, பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வதாக மெச்சிவிட்டுப் போனாராம். அந்தக் குரல் ஜெபம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவளுடையது. அதற்கப்புறம் வாத்தியார் தனியாக யாரையும் எழுப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

அஞ்சாம் வகுப்பு முடியும் வரை என் பேர் வெட்டுப்படவில்லை.

என் கல்யாணத்துக்குக் கங்காணி ஒரு சிவப்புச் சேலை எடுத்துக் கொடுத்தார், சாமியைக் காப்பாற்றினதற்கு. அதைக் கட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். அவருக்கு முடி நரைத்துவிட்டது.

"அந்த ஜெபம் இன்னும் ஞாபகம் இருக்கா பிள்ள?"

இருக்கு என்று தலையாட்டினேன். அவரும் அவர் வீட்டம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழையபடி நாக்கு ஒட்டிக்கொண்டது.

"சரி சரி" என்று அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வீட்டம்மாவையும் திரும்பி நிற்கச் சொன்னார்.

முழுவதும் சொன்னேன். மறுநாள் அதே சேலையோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். அங்கேயும் வாய் திறந்து ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. கூட்டமாக இருந்தது.