கழற்றாத மாலை

என் அண்ணன் ஒருமுறை நாலரை மாதம் ஐயப்ப சாமியாக இருந்தார். விரதம் நாற்பத்தொரு நாள்தான். மலைக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு மேற்கொண்டு மூன்று மாதம். கேட்பவர்கள் இதைப் பக்தி என்று நினைப்பார்கள். மலையிலிருந்து வந்தவர் மாலையைத் தாயார்தான் கழற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அம்மா கழற்ற மறுத்துவிட்டார், அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசி. மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் ஒரு சுக்கு, மிளகுக் கிடங்கில் அண்ணன் எடை போடுகிறவர். வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, தையல் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த நான். அண்ணன் தராசு பிடித்தால் ஒரு மிளகு கூடாது, குறையாது என்று பெயர். கிடங்கு மூடியதும் நேராகச் சாராயக் கடைக்குப் போவார். அங்கே அவருக்கு அளவு என்ற பேச்சே கிடையாது.

அவரைத் திருத்த எங்களிடம் ஒரு முறை இருந்தது. வாசலிலேயே நிறுத்தி, "ஊது" என்பார் அம்மா. வாயை மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். அண்ணி தட்டைத் தரையில் நங்கென்று வைப்பார். நான் பேசவே மாட்டேன். அண்ணா என்று கூப்பிட்டே மூன்று வருடம் ஆகியிருந்தது. சொல்லியே ஆகவேண்டும் என்றால் சுவரைப் பார்த்து, "சோறு ஆறுது" என்பேன். இத்தனை பாடுபட்டும் மனுஷன் திருந்தவில்லையே என்று எங்களுக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

அந்தக் கார்த்திகை முதல் தேதி அவராகவே போய் மாலை போட்டுக்கொண்டு வந்தார். குடி அன்றோடு நின்றது. முதல் வாரம் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, பல் கிடுகிடுக்கச் சரணம் சொன்னார். விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியல்தான் காரணம் என்றார் அம்மா. அக்கம்பக்கத்தார் சாமி வந்திருக்கிறது என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். குடியைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு அப்படி உதறும், உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பிழைத்துக்கொண்டார். மலைக்குப் போய் வந்தார். விளக்கேற்றி, தேங்காய் உடைத்து, மாலையைக் கழற்ற வேண்டிய நேரத்தில் அம்மா பஞ்சாங்கத்தை எடுத்தார். அன்றைக்கு நாள் நன்றாக இல்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை. அப்புறம் அஷ்டமி, அப்புறம் நவமி, அப்புறம் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. எல்லாம் தீர்ந்தபோது, "மாசாமாசம் நடை திறக்குமில்லே, இன்னொரு வாட்டி போயிட்டு வந்து கழத்தலாம்" என்றார்.

இதன் பலனை அனுபவித்தது நாங்கள். மட்டாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு மேலும் மூன்று மாதம் வீட்டில் மீன் வாசனை இல்லை. எங்கள் பூனை பக்கத்து வீட்டுக்கே குடிபோய்விட்டது. மாதவிலக்கு நாட்களில் சாமி இருக்கும் வீட்டில் இருக்கக் கூடாது என்று அண்ணியையும் என்னையும் மாதாமாதம் அம்மாவின் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பினார்கள். குடித்தவர் அண்ணன், வீட்டைவிட்டு வெளியே போனது நாங்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அண்ணிதான், "போனாப் போகுது. தெளிஞ்சு இருக்காரே, அது போதும்" என்றார். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகாதவர், விரதக்காரர் என்று புருஷனைத் தொடாமல் இருந்தார்.

ஆனால் வீடு மாறியிருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளையை அம்மா "வாங்க சாமி" என்றார். கிடங்கிலிருந்து வந்ததும் அண்ணி சாயா ஆற்றிக் கையில் கொடுத்தார். நானும் முகத்தைப் பார்த்து, "சாமி சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். மாலை போட்டவரை அப்படித்தான் கேட்க வேண்டும்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"கழத்தும்மா."

"இன்னிக்கு நாள்..."

"எல்லா நாளும் ஒண்ணுதான். கழத்தினா குடிப்பேன்னு உனக்குப் பயம். எனக்கும் அந்தப் பயந்தான். அதான் நீ சொன்னதுக்கெல்லாம் நானும் தலையாட்டினேன். ஆனா இப்பிடியே எத்தனை நாள் சாமி வேஷம் போடுறது? என்னை மனுஷனா மதிச்சு நீங்க யாரும் பேசலையே. இந்த மாலையைத்தானே மதிச்சீங்க."

அம்மா விளக்கேற்றி, மாலையைக் கழற்றி, ஆணியில் மாட்டினார்.

ஐந்து நாள் தாங்கினார். ஆறாம் நாள் பொழுது சாயும் முன்பே வந்தவர் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டார். மோந்து பார்க்கத் தேவையே இல்லை, தெருவுக்கே தெரிந்தது. ஊதச் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டு நின்றார். நாலரை மாதம் மீனில்லாமல் இருந்தது இதற்குத்தானா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அதற்குள் அம்மா எழுந்து வாசலுக்குப் போனார்.

"உள்ள வாங்க சாமி. சாயா குடிச்சிட்டுப் படுங்க" என்றார்.

கழுத்தில் மாலை இல்லை. பழக்கத்தில் வந்துவிட்டதா, தெரிந்தேதான் சொன்னாரா என்று அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அண்ணன் படியிலேயே உட்கார்ந்து அழுதார். அண்ணி சாயாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் அவராகவே, படகேறி அக்கரையில் எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். அண்ணிக்குக் காய்ச்சல், அம்மாவுக்குப் படகென்றால் தலைசுற்றும். கூடப் போக மிஞ்சியது நான்தான். அக்கரை போய்ச் சேரும்வரை இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சீட்டு எழுதிக்கொண்டே அண்ணனைக் காட்டி என்னிடம், "இது ஆரா?" என்று கேட்டார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் என்ன சொல்வேன் என்று அவருக்கும் தெரியாது.

"என்டெ சேட்டனாணு" என்றேன்.

மூன்று வருடமாகத் தமிழில் வராத 'அண்ணன்' மலையாளத்தில் வந்துவிட்டது. அவர் குடியை விட்டு முடிக்க அதன் பிறகு இரண்டு வருடமும் நாலைந்து சறுக்கலும் ஆயின. நான் அவரைத் தமிழிலும் கூப்பிட்டது அன்றைக்கே, திரும்பும் படகில். "அண்ணா, பசிக்குதா?" என்று கேட்டேன். யாரைக் கேட்கிறேன் என்பதுபோல அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார்.