தொட்டியில் மிச்சமிருந்த இரண்டு கெளுத்தி

என் அக்கா புருஷனுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. இதை முதல் வரியிலேயே எழுதி வைத்துவிடுகிறேன், பிறகு ஆத்திரத்தில் விட்டுப்போய்விடும். மீன் தெரியாது, சமையல் தெரியாது, தண்ணீர் கொதித்துவிட்டது என்பதைக்கூட யாராவது வந்து சொல்ல வேண்டும். ஆனால் வாய் இருக்கிறது. அப்பப்பா, என்ன வாய்!

மீன் பிடிப்பது அக்கா. ஆற்றுப் பாலத்துக்குக் கீழே, தடுப்பணையிலிருந்து விழுந்த தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓய்ந்து நிற்கிற மூலை அவளுடையது. சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில் நாலைந்து பிளாஸ்டிக் குழாய்களை அங்கே இறக்கிவிட்டு வருவாள். குழாயின் ஒரு பக்கம் மூடி. மறுபக்கம், உள்ளே நுழையலாம், வெளியே வர முடியாது என்கிற மாதிரி அவளே தைத்த வலைத்துண்டு. நடுவில் மண்புழு. விலாங்குக்கு இருட்டான இடுக்கு கிடைத்தால் போதும், தானாக வந்து படுத்துக்கொள்ளும். கெளுத்திக்குத் தூண்டில் போடுவாள். கோழி ஈரலைக் கொக்கியில் நூலால் கட்டி அடிச்சேற்றில் கிடக்க விடுவாள். விடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டுத்தான் வேலைக்கு ஓடுவாள்.

பிடித்த அன்றே சமைக்க மாட்டாள். சேற்று வாடை போக, குளியலறைச் சிமெண்டுத் தொட்டியில் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் விட்டுவைப்பாள். அந்த இரண்டு நாளும் வீட்டில் எல்லோருக்கும் வாளிக் குளியல்தான். கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முள். குத்தினால் வலியில் உயிர் போகும். அறுக்க உட்காரும்போதுதான் அவற்றைக் குறடால் ஒடிப்பாள். முன்னாலேயே ஒடித்தால் ரத்தம் கசிந்து மீன் தொட்டியிலேயே செத்துவிடும் என்பாள். ஆக, தொட்டியில் நீந்துகிற கெளுத்தி எல்லாம் முள்ளோடு இருப்பவை. இது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பூனைக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷமாக அதே தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பல் தேய்க்கிற மாமாவுக்குத் தெரியாது.

மாமாவுக்குக் கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையில் சரக்கு ஏற்றி அனுப்பும் பிரிவில் வேலை. அக்காவும் அங்கேதான், கேன்டீனில். சமையலறைக்கும் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் எட்டு வருஷமாகக் காய் நறுக்குகிறாள். போன மாதம் அங்கே சமையல்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார். அக்கா அந்த இடத்துக்கு ஆசைப்பட்டாள். அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போனபோதுகூட, தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று கடை வாசலிலேயே நின்றவள்.

மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மேனேஜரை ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க. சாப்பிட்டு முடிச்சதும், இது என் பொண்டாட்டி சமைச்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

"அட, இதெல்லாம் ஒரு விஷயமா? ஜமாய்ச்சிடலாம்!" என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை ஒத்தாசைக்கு நானும் போயிருந்தேன். அக்கா விலாங்கைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பிடித்தாள். வெறுங்கையில் அது நிற்காது. தலையில் ஒரே அடி. கழுத்தைச் சுற்றிக் கீறி, பலகை ஆணியில் மாட்டி, தோலைக் குறடால் பிடித்து இழுத்தாள். காலுறை கழற்றுவது போல முழுசாக வந்தது. துண்டுகளை உப்பும் மிளகும் தடவி அதன் கொழுப்பிலேயே வறுத்தாள். கெளுத்தியை வெங்காயம், பூண்டு, தக்காளியோடு சின்னத் தீயில் வேகவிட்டாள், கரண்டி போடவே இல்லை. கரண்டி பட்டால் சதை கரைந்துவிடும், பாத்திரத்தைத்தான் குலுக்க வேண்டும்.

மேனேஜர் வந்தார். உட்கார்ந்தார். விலாங்கில் ஒரு துண்டு வாயில் வைத்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். மூன்றாவது துண்டுக்குப் பிறகுதான் நிமிர்ந்தார்.

"எங்க வாங்கினீங்க இத?"

"வாங்குறதா! நம்ம கையால புடிச்சது சார்" என்றார் மாமா.

சரி, மீனோடு நிற்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா கெளுத்தியைக் கொண்டுவந்து வைத்தாள். மேனேஜர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "சமையல்?" என்றார். அக்கா சமையலறைக் கதவோரம் நின்றாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"அதுவும் நம்ம கைப்பக்குவம்தான் சார். கரண்டியே போடக் கூடாது, பாத்திரத்தைக் குலுக்கணும். அதுல இருக்கு சூட்சுமம்."

வாய் கூசாமல் சொன்னார்! கரண்டி விஷயம் அரை மணி நேரத்துக்கு முன்னால் அக்கா என்னிடம் சொன்னது. பக்கத்து அறையில் படுத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

"அப்புறம் என்ன, நீங்களே கேன்டீன் சமையலுக்கு வந்துடுங்களேன்" என்றார் மேனேஜர். மாமா இல்லையென்று சொல்லவில்லை. சிரித்தார். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. தட்டைத் தூக்கி அடித்திருப்பேன், அக்கா கண்ணால் தடுத்தாள். அவள் மேலும் எனக்குக் கோபம்தான். எத்தனை காலம் கண்ணாலேயே தடுத்துக்கொண்டிருப்பாள்?

"இன்னும் மீன் இருக்கா? வீட்டுக்கு ரெண்டு கொண்டு போகலாமா?" என்றார் மேனேஜர். "நீங்க புடிக்கிறதையும் பாக்கணும்."

தொட்டியில் இரண்டு கெளுத்தி மிச்சம் இருந்தன. மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனார். பின்னால் மேனேஜர், அவருக்குப் பின்னால் நான். குறடு ஜன்னல் திட்டில் இருந்தது, கையை நீட்டினால் எடுக்கலாம். "மாமா, முள்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

சோப்பை எடுப்பது போலக் கையை விட்டார். தெரு முழுக்கக் கேட்டிருக்கும் அந்த அலறல்.

அக்கா ஓடிவந்தாள். முள்ளைப் பிடுங்கினாள், கையைக் கழுவினாள், அவரைக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்து, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றிய பேசினுக்குள் கையை அமுக்கினாள். கெளுத்தி விஷத்துக்குச் சூடுதான் மருந்து. நீர் சூடாக இருக்கும்வரை வலி அடங்கும், ஆறினால் மறுபடி பிடுங்கும். கெட்டிலை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அவளுடைய உள்ளங்கையில் அதே முள் குத்திய பழைய தழும்புகள் ஏழெட்டு இருக்கும். ஒரு தடவைகூட அவளுக்கு யாரும் வெந்நீர் ஊற்றியதில்லை.

மேனேஜர் செருப்பை மாட்டிக்கொண்டார். "பாவம், நல்லா குத்திடுச்சு. அவசரமில்ல, கை ஆறட்டும். அடுத்த வாரம் சமையலுக்கு வந்து சேர்ந்துக்கங்க."

கெட்டில் நின்றது.

"ஊத்து, ஊத்து, ஆறுது" என்றார் மாமா.

"ஆறட்டும்" என்றாள் அக்கா.

"என்னடி விளையாட்டு இது? வலிக்குது!"

"மீன் புடிச்சது யாரு?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"எனக்கு அதான் முக்கியம். புடிச்சது யாரு, சமைச்சது யாரு? என்னப் பாக்காதீங்க. சாரைப் பாத்துச் சொல்லுங்க."

மாமாவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பேசினில் ஆவி குறைந்துகொண்டே வந்தது.

"இவதான் சார்" என்றார் கடைசியில். "எல்லாம் இவதான். எனக்கு ஒண்ணும் தெரியாது."

அக்கா ஊற்றினாள்.

மேனேஜருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு அக்காவைப் பார்த்து, முதல் தடவையாகப் பார்க்கிற ஆளைப் பார்ப்பது போல, மரியாதையாகத்தான் சொன்னார்.

"சரிம்மா. அப்ப நீங்க நாளைக்கே வந்து சேர்ந்துக்கங்க. இடம் தெரியலைன்னா வாசல்ல கேளுங்க. காலைல யாராவது கேன்டீன் கதவத் தொறந்து விடுவாங்க."

"நான்தான் சார் தொறக்குறேன்" என்றாள் அக்கா. "எட்டு வருஷமா சாவி எங்கிட்டதான் இருக்கு."