ராணியின் கதையில் நான் வெட்டிய பத்தி

2006-ல் நாங்கள் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தோம். மகள் நாலாம் வகுப்பு. பள்ளியில் அந்த வருடம் பிள்ளைகள் சரித்திர மனிதர்களைப் போல வேஷம் போட்டுச் சிலையாக நிற்க வேண்டும். முன்னால் தரையில் ஒட்டியிருக்கும் காகிதப் பட்டனை யாராவது மிதித்தால், சிலைக்கு உயிர் வந்து தன் கதையைச் சொல்லும்.

மகள் தேர்ந்தெடுத்தது, இங்கிலாந்து ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு போர்ச்சுகல் இளவரசியை. காரணம், கீழ் அபார்ட்மென்ட்டில் இருந்த போர்ச்சுகீசிய ஆன்ட்டி. ட்ரை க்ளீனிங் கடையில் துணி ஆல்டர் பண்ணும் வேலை அவருக்கு. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. என் பிளவுஸ்களைப் பிரித்துத் தைத்துக் கொடுத்துப் பழக்கமானவர். "பாம்பே எங்க ராணி கொண்டுபோன சீதனம், தெரியுமா?" என்று மகளிடம் அவர் தன் ஆங்கிலத்தில் சொன்னதுதான் ஆரம்பம். கவுனையும் தானே தைப்பதாகச் சொன்னார். மூன்று வாரம், வேலைவிட்டு வந்து, பழைய திரைச்சீலை ஒன்றை வெட்டி, இடுப்புக்குக் கீழே கூடாரமாக விரியும் கவுன் தைத்தார்.

மகள் நூலகத்தில் படித்து இரண்டு பக்கம் எழுதினாள். அதை டைப் பண்ண நான் உட்கார்ந்தேன். என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. ஊரில் எட்டு வருடம் ஆபீஸ் போனவள் நான். இங்கே மகளின் ப்ராஜெக்ட்தான் எனக்கு ஆபீஸ். கடைசிப் பத்தியில் அவள் எழுதியிருந்தாள்: கணவன் இறந்து சில வருடம் கழித்து ராணி சொந்த நாட்டுக்குத் திரும்பினாள், ராஜாவாக இருந்த தம்பி நோயில் விழுந்தபோது, அவனுக்குப் பதிலாக அவளே நாட்டை ஆண்டாள்.

"இது எதுக்குடி? பாம்பே இருக்கு, டீ குடிக்கிறத ஃபேஷன் ஆக்கினது இருக்கு. போதாதா?"

"பட் அம்மா, தட்ஸ் தி பெஸ்ட் பார்ட்!"

"லெங்க்தா போகுது. பாவம், புருஷனும் ஒழுங்கா இல்ல, குழந்தையும் இல்ல. சோகமா முடிச்சாதான் டச்சிங்கா இருக்கும்."

பத்தியை அழித்தேன். பதிலுக்கு நானே ஒரு வரி சேர்த்தேன்: 'எனக்குப் பிள்ளை இல்லை, என் வாழ்க்கை வீணாகப் போயிற்று.' எழுதும்போது கீழ் வீட்டு ஆன்ட்டியின் நினைவே எனக்கு வரவில்லை.

ஆன்ட்டி அரை நாள் லீவு போட்டு, லிப்ஸ்டிக் எல்லாம் பூசிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். அவரே போய்ப் பட்டனை மிதித்தார். மகள் பாம்பேயைச் சொன்னாள், டீயைச் சொன்னாள். கடைசி வரி வந்ததும் அவள் குரல் இறங்கியது. ஆனாலும் மனப்பாடம் பண்ணியதை அப்படியே சொல்லி முடித்தாள்.

ஆன்ட்டி குனிந்து, மகளின் கவுன் கழுத்தில் கழன்றிருந்த ஊசியைச் சரிசெய்தார். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"அப்புறம் ஊருக்குத் திரும்பிப் போனேன். தம்பிக்கு உடம்பு சரியில்லாதப்போ நான்தான் நாட்டை ஆண்டேன்," என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். "அம்மா அதைக் கட் பண்ணிட்டாங்க."

பக்கத்தில் நின்ற இரண்டு அம்மாக்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆன்ட்டி பார்க்கவில்லை.

சாயங்காலம் கேசரி கிளறி எடுத்துக்கொண்டு கீழே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயைத் திறந்தபோது, "டீச்சர்தான் சுருக்கச் சொன்னாங்க" என்று வந்தது.

"பரவாயில்ல," என்றார். கேசரியை வாங்கிக்கொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

அதன்பிறகும் என் துணிகளைத் தைத்துக் கொடுத்தார். வாசலிலேயே கொடுத்து அனுப்பினார். மகள் பள்ளிக்கு எழுதுவதை என்னிடம் காட்டுவதை நிறுத்திவிட்டாள். எனக்குக் கேட்கவும் வாய் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கணவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்து நாங்கள் அங்கே கேட்டி என்ற ஊருக்குக் கிளம்பியபோது, சாமான் கட்ட ஆன்ட்டி மேலே வந்தார். சமையலறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"அன்னிக்கு டீச்சர் சொல்லல. அந்த வரியை எழுதினது நான்தான்," என்றேன். "சாரி."

"தெரியும்," என்றார் அவர். கையிலிருந்த தட்டைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். பிறகு, "இதைச் சொல்ல ரெண்டு வருஷம் ஆச்சே உனக்கு," என்றார்.