பந்தலைப் பிடுங்கிய சம்பந்தி

மழை வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்? போன வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை எனக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

மரக்காணத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா தனசேகர் என்னோடு காலேஜில் படித்தவன், உப்பளம் வைத்திருக்கிறான். மாப்பிள்ளையின் அப்பா ஏழுமலை என் பெரியப்பா மகன். திண்டிவனத்துக்கு மேற்கே கரும்பு விவசாயம். இரண்டு குடும்பத்துக்கும் முடிச்சுப் போட்டது... வேறு யார், நான்தான். ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம் என்றார்கள். ஒருவர் மழை வேண்டும் என்று கோயிலுக்குப் போகிறவர், இன்னொருவர் மழை வேண்டாம் என்று கோயிலுக்குப் போகிறவர் – இதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

நல்ல நேரம் நாலரைக்கு மேல். அதனால் முதலில் சாப்பாடு, அப்புறம் தட்டு மாற்றுவது என்று ஏற்பாடு. அக்னி நட்சத்திர வெயில். ஷாமியானா துணியையும் தாண்டி அனல் இறங்குகிறதே என்று சேகர் ஒரு காரியம் செய்திருந்தான். உப்பளத்தில் குவித்து வைத்திருந்த உப்பை மூடும் நீலத் தார்ப்பாய்களை அவிழ்த்து வந்து பந்தலுக்கு மேலே கட்டிவிட்டான். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அரை நாள்தானே என்ற தைரியம். உப்பளத்து ஆட்களுக்கும் அன்று லீவு. எல்லாரும் பந்தியில்.

மூன்று மணிக்குக் காற்று திரும்பியது.

ஏழுமலை அண்ணன் பாயசத்தை விட்டுவிட்டு எழுந்தார். "மேக்கால கட்டுது பாருடா! நம்ம ஊரு பக்கந்தான்!" என்றார். "மருமக வரும்போதே மழையையும் கூட்டிக்கினு வர்றா!"

கிணறு வற்றி, தோகை காய்ந்து, அவருடைய கரும்பு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரே ஒரு மழை போதும், பிழைத்துவிடும். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே கை தட்டினேன்.

அடுத்த நிமிடம் தலைக்கு மேல் பந்தல் ஆடியது. நிமிர்ந்து பார்த்தால்... சேகரும் அவனுடைய ஆட்களும் எச்சில் கையோடு நாற்காலிகள் மேல் ஏறித் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே மாப்பிள்ளை வீட்டார் இன்னும் மோருக்கே வரவில்லை! ஷாமியானா ஒரு பக்கம் சரிந்து ரசவாளிக்குள் விழுந்தது.

"இன்னா இது? சாப்டறவங்க தலைக்கு மேல இருக்கறத பிடுங்குறாங்க?" – ஏழுமலை அண்ணனின் மனைவி, என் அண்ணி, எழுந்தே விட்டார். "சம்பந்தம் வேணாம்னா வாயால சொல்லக் கூடாதா?"

"ஏம்பா, நீ சொல்லுப்பா அவங்களுக்கு!" என்று சேகர் என்னைப் பார்த்துக் கத்தினான். "மூணு மாச உப்பு தெறந்து கெடக்குதுப்பா!"

தார்ப்பாய்களை மினி வேனில் தூக்கிப் போட்டுவிட்டான். ஆனால் ஏறவில்லை. ஒரு கால் வேனில், ஒரு கால் தரையில். சம்பந்தி வீட்டாரை நனையவிட்டு ஓடினால் மகள் கல்யாணம் என்னாகும்? ஓடாவிட்டால் உப்பு என்னாகும்? நானாக இருந்தால் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.

கல்யாணப் பெண் கவிதா பட்டுப்புடவையோடு வாசலுக்கு வந்தாள். "அப்பா, நீ போ. இவங்கள நான் பாத்துக்கறேன்." பிறகு அண்ணியிடம் திரும்பினாள். "உள்ள வாங்கத்த. களத்துல நெல்லு காயும்போது மழ வந்தா, நீங்க ஒக்காந்து மோர் ஊத்திக்கினு இருப்பீங்களா?"

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நடந்தார். ஏழுமலை அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனில் ஏறினார். அவர் ஏறிய பிறகு நான் எப்படி நிற்பது?

எங்களுக்கு முன்னால் மழை போய்ச் சேர்ந்திருந்தது. மழையா அது? குடம் குடமாகக் கொட்டியது. இடி வேறு. மின்னும்போது வெட்டவெளியில் நிற்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். உப்பளத்தில் வெட்டவெளியைத் தவிர வேறு என்ன இருக்கிறது? மூன்று குவியலில் ஒன்றை மூடினோம். இரண்டாவதைப் பாதி மூடினோம். மூன்றாவது எங்கள் கண்ணெதிரே கரைந்து வாய்க்காலில் ஓடியது. பாத்திகளில் விளைந்திருந்த உப்பையும் காணோம்.

தார்ப்பாயின் ஒரு முனையை ஏழுமலை அண்ணன் பிடித்திருந்தார். முகத்தில் மழை அடிக்கிறது... பாவம், அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். சேகர் பார்த்துவிட்டான். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"சிரிங்க சம்பந்தி," என்றான் சேகர். "எனக்குப் போனது போச்சு. உங்க கரும்பாவது பொழைக்கட்டும்."

அண்ணன் உடனே அழுதுவிட்டார். ஒருவர் உப்பு போய்ச் சிரிக்கச் சொல்கிறார், ஒருவர் மழை வந்து அழுகிறார். நடுவில் நான் எந்த முகத்தோடு நிற்பது? வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் ஏதாவது அபிப்பிராயம் சொல்லிவிடுகிற ஆள் நான். அன்றைக்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.

ஐந்தரை மணிக்கு ஈரத்துணி மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தோம். தட்டு எடுப்பதற்கு முன்னால் அண்ணன் ஊரிலிருக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கு போன் போட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கர் வேறு.

"டேய், எவ்ளோ பேஞ்சுது?"

"மழ எங்கண்ணே? இடி மட்டுந்தான் கேட்டுது. இங்க ஒரு தூத்தல் கூட இல்ல. வெயிலு கொளுத்துது!"

அண்ணன் ஸ்பீக்கரை அணைத்தார்.

"ஐயையோ..." என்று ஒரு குரல். சேகர்தான். தன் உப்பு கரைந்து ஓடியபோதுகூட அவன் வாயிலிருந்து அந்தச் சத்தம் வரவில்லை. எழுந்து போய் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கைகளால்தான் கொஞ்ச நேரத்தில் இருவரும் தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்று வானிலை அறிக்கையில் வாசிக்கிறார்களே... முதல் இடத்தை நான் பார்த்துவிட்டேன். அந்த இரண்டாவது இடம் எது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எங்கள் ஏழுமலை அண்ணனுக்குச் சொல்லிவிடுங்கள்!