கடைசி அகப்பைக் கஞ்சி

காலையில் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தேன். நோன்பு என்பது வயிற்றைக் காயப்போடுவதல்ல, நமக்குள் இருக்கும் மிருகத்தைக் கட்டிப்போடுவது என்று. நீங்களும் லைக்கை அள்ளிப் போட்டீர்கள்.

சாயங்காலம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எங்கள் ஃபிளாட்டின் மேல்மாடி அக்கா.

அகப்பை அண்டாவின் அடியில் உரசும் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து அக்காவின் தூக்குச்சட்டி மூடி கீழே விழுந்து உருண்டது. அவர் குனிந்தார். நான் அவரைத் தாண்டி என் சட்டியை நீட்டிவிட்டேன். யோசிக்கவே இல்லை.

கடைசி அகப்பை எனக்கு விழுந்தது.

“பரவாயில்ல லா தம்பி, நீங்க கொண்டு போங்க,” என்றார் அக்கா.

பாதி தருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கை மூடியை இறுக்கி அடைத்துவிட்டது.

நடக்கத் தொடங்கிய அக்கா திரும்பிப் பார்த்து, “காலைல நீங்க எழுதுனத என் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டுனேன் தம்பி. நல்லா இருந்துச்சு,” என்றார்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அக்கா வீட்டுக்கு ஒரே மாடிதான் ஏற வேண்டும். சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் இன்னொரு பதிவு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

திட்டுகிறவர்கள் சீக்கிரம் திட்டுங்கள்.