வடிக்க முடியாத சோறு

1996 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். ஆறரைக்குச் சட்டை போட்டு முடித்தேன். ஏழு மணிக்கு மூன்று மாத்திரைகள், ஒரு துண்டுப் பாண், பால் விடாத தேநீர். எட்டிலிருந்து பத்து வரை கதிரையில் இருந்து களைப்பு ஆறினேன். பதினொன்றுக்குப் பரீட்சை.

நவம்பரில் எனக்குப் பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு, உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) வந்தது. இடது கால் ஊன்றுகோலின் உதவியோடு நடக்கிறது. இடது கை தொங்குகிறது. இவற்றைவிடச் சொல்லக் கடினமானது இடப்பக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாகத் தெரிந்தும், இடது பக்கம் இருப்பதை மூளை கவனியாமல் விடுவது). தட்டில் பாதிச் சோறு மிஞ்சியிருக்கும். சாப்பிட்டு முடித்துவிட்டதாக நினைத்து எழுந்துவிடுவேன். இதே நிலையில் இருப்பவர்கள் இதை வாசித்தால் சொல்கிறேன்: உங்கள் புத்தி கெட்டுவிடவில்லை. எனக்கு அதை நம்ப இரண்டு மாதம் சென்றது.

மல்வேர்னில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் எட்டாம் மாடியில் தனியாக வசிக்கிறேன். தொடர்ந்து இங்கேயே இருக்கலாமா, ஒஷாவா நகரில் தங்கை வீட்டு பேஸ்மென்ற்றுக்கு (வீட்டின் நிலக்கீழ்த் தளம்) போக வேண்டுமா என்பதை அன்றைய பரீட்சை தீர்மானிக்கும். தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்குபவர்) பார்த்திருக்க, நான் ஒரு வேளை உணவு சமைக்க வேண்டும்.

சோறும் கறியும் என்றால் மூன்று சட்டி வேண்டும். பக்கத்து வீட்டு கானா நாட்டுப் பெண் அபேனா, தங்கள் ஜொலொப் சோற்றைச் சொல்லித் தந்தார். ஒரே சட்டி. வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள் வதக்கி, எண்ணெய் மிதந்ததும் அரிசியைப் போட்டு, அளந்த தண்ணீரில் மூடி அவிப்பது. வடிக்கத் தேவையில்லை. கொதிக்கிற சட்டியை ஒரு கையால் சரிக்க முடியாதவனுக்கு அது பெரிய ஆறுதல்.

தங்கை நேரத்தோடு வந்துவிட்டாள்.

"ஆபிரிக்கச் சோறோ? அண்ணை, உங்களுக்கு ஒரு பருப்பே ஒழுங்கா வைக்கத் தெரியாது!"

"அதுதான் பருப்பு வைக்கேல்லை," என்றேன்.

வெங்காயத்தை ஆணி அடித்த பலகையில் குத்தி நிறுத்தி வெட்டினேன். பதினொன்றுக்கு வந்த சிகிச்சையாளர் பார்த்துக் குறித்துக்கொண்டார். வதக்கல் சரியாக வந்தது. அரிசியைப் போட்டேன். செய்முறையை ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தேன்: இடப்பக்கம் அளவு, வலப்பக்கம் பொருள். நான் கண்டது வலப்பக்கத்தை மட்டும். 'தண்ணீர்' என்று இருந்தது. வடிக்கிற சோற்றுக்கு விடுவதுபோல, பழைய பழக்கத்தில் கை தானாகச் சட்டியை நிறைத்தது.

கொதித்த பிறகுதான் புரிந்தது. சிவப்புத் தண்ணீரில் அரிசி மிதந்து சுழன்றது. வலது கை துணியை எடுத்துச் சட்டியின் ஒரு காதைப் பிடித்தது. மற்றக் காதைப் பிடிக்க ஆளில்லை.

தங்கை எழுந்தாள். "விடுங்கோ அண்ணை, ஒரு நிமிஷத்தில வடிச்சுத் தாறன்."

"நீங்கள் தொட்டால் இன்றைய சோதனை இத்தோடு முடியும்," என்று சிகிச்சையாளர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

"உந்த மனிசிக்கு ஈவிரக்கமே இல்லையோ?" என்று தமிழில் கேட்டுவிட்டுத் தங்கை உட்கார்ந்தாள்.

பிடித்த காதை விட்டேன். அடுப்பை நிறுத்தினேன். அகப்பையால் தண்ணீரை அள்ளி ஒரு கிண்ணத்தில் ஊற்றினேன். முப்பத்தொரு அகப்பை. நடுவில் இரண்டு தரம் கதிரையில் இருந்து மூச்சு வாங்கினேன். பிறகு அடுப்பைக் குறைவாக வைத்துச் சட்டியை மூடினேன்.

சோறு குழைந்திருந்தது. "களிதான்," என்றாள் தங்கை. "ஆனா உறைப்புப் பரவாயில்லை." இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.

சிகிச்சையாளர் இரண்டு பக்கம் எழுதினார். அளவைத் தவறவிட்டது கவலைக்குரியது என்றார். சட்டியைத் தூக்காமல் நிறுத்தியதற்காகவே கையெழுத்திடுவதாகச் சொன்னார். மூன்று மாதம் தனியாக இருக்கலாம். ஜூனில் மறுபடி வந்து பார்ப்பார்.

"ஜூன் வரைக்கும் பேஸ்மென்ற்றை ஆருக்கும் வாடகைக்குக் குடாமல் பூட்டித்தான் வைப்பன்," என்று சொல்லித் தங்கை சப்பாத்தைக் காலில் போட்டாள்.

மகிழ்ச்சி வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. சட்டியைக் கழுவாமல் நாலு மணிக்கே படுத்துவிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை, ஐந்து ஐம்பதுக்கு விழித்தேன். முன்பெல்லாம் கண் திறந்தால் எழுந்துவிடுவேன். எழுவதும் ஒரு வேலை என்று தெரியாது. இப்போது உடம்பு மொத்தமாக விழிப்பதில்லை. வலது கையால் போர்வைக்குள் தேடி, இடது கையைக் கண்டுபிடித்தேன். குளிர்ந்திருந்தது. அதை எடுத்து வயிற்றின் மேல் வைத்து, சூடாகும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.