ராகு காலத்தில் ஒரு கம்ப்யூட்டர்

கொச்சியின் கொச்சங்காடியில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்யும் கடை வைத்திருந்த விஸ்வேஸ்வரனுக்கு ஐம்பத்திரண்டாம் வயதில் ஒரு தீராத மோகம் பிடித்தது. கடையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் புதிது புதிதாக எதையாவது ஏற்றுவார், அது படுத்துவிடும். 2008-இல் மட்டும் மூன்று முறை படுத்தது. மூன்று முறையும் மலையாள டைப்பிங் பார்த்த மனைவி சீதாலக்ஷ்மிதான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் மறுபடி அடித்தாள்.

இப்போது மென்பொருள்களை நிறுவிக் கொடுக்கும் புதுவகை பேக்கேஜ் மேனேஜர் ஒன்று. எத்தனை முறை நிறுவினாலும் இம்மி பிசகாமல் ஒரே மாதிரி வருமாம். கெட்டுப்போனால் நேற்றைய நிலைக்கே திரும்பலாமாம்.

"முதல்ல கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு பொய்க் கம்ப்யூட்டர் உண்டாக்கி அதுல போட்டுப் பார்க்கறேன், சீதே. சரியா வந்தா நிஜத்துல போட விடுவியோ?"

"விடறேன். வரல்லேன்னா ஆயுசுக்கும் தொடப்டாது. சத்தியம் பண்ணுங்கோ."

சத்தியம் செய்தார். வெள்ளிக்கிழமை காலை பத்தேமுக்கால். பதினொன்றரைக்கு பவர்கட், கரண்ட் போய்விடும்.

"ஏண்ணா, ராகு காலமாக்கும்!"

"அது வெளியிலடீ. உள்ள இருக்கற கடிகாரம் நம்ம கையில. எந்த நேரம் வேணும், சொல்லு."

அவள் கன்னம் சிவந்தது. "நம்ம முகூர்த்தம் வையுங்கோ."

1981 ஆவணி, காலை எட்டேகால் என்று வைத்தார். அவர் கண்கள் கலங்கின. என்டர் தட்டினார். திரையில் சிவப்பு எழுத்து: சர்வரின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை.

மறுபடி தட்டினார். அதே சிவப்பு. மூன்றாம் முறையும் அதே.

"பார்த்தியா! அட்சரம் பிசகாம ஒரே மாதிரி வரது!"

"தோக்கறதும் ஒரே மாதிரியா?" என்றாள் சீதாலக்ஷ்மி. அந்தக் குரலில் இருபத்தேழு வருஷத் தாம்பத்தியம் விரிசல் விட்டது. "சத்தியம் ஞாபகம் இருக்கோல்லியோ?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மென்பொருள் இறங்கி வரும் சர்வரின் அந்த அடையாளச் சான்றிதழ் போன வருஷம் பிறந்தது. அவர்கள் கல்யாணத்துக்கு அது எப்படி வரும்? பொய்க் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை இன்றைய தேதிக்கு, அசல் ராகு காலத்துக்கே திருப்பினார். சீதாலக்ஷ்மி கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

ஏறிற்று. வேண்டுமென்றே எழுத்துருக்கள் அத்தனையையும் நீக்கினார்; அவள் வீறிட்டாள். முந்தைய நிலைக்குத் திருப்பினார். எல்லாம் சிரித்துக்கொண்டு வந்து நின்றன. கரண்ட் போவதற்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

சீதாலக்ஷ்மி மூக்கை உறிஞ்சினாள். "சரி, நிஜத்துலயும் போட்டுக்கோங்கோ. ஆனா நாள் நான்தான் பார்ப்பேன்."

பஞ்சாங்கத்தை விரித்தாள். புரட்டினாள், புரட்டினாள். கடைசியில் தையில் ஒரு நாள் கிடைத்தது. அன்றைக்குக் கார்த்திகை பிறந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.